வில்லங்கச் சான்று

முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்.
ஒரு வங்கிக் கடன், அதையும் அடைத்திருந்தார்கள்.
அச்சடித்த தாளில்
அந்த ராத்திரிக்குக் கட்டம் கிடையாது.

குலசேகரத்துக்கு மேலே, ஏழு சென்ட்.
ஓட்டு வீடாகக் கிடந்ததை
வென்சிலாஸ் குவைத்தில் வெல்டிங் வேலை பார்த்து
வார்ப்பு வீடாக்கினார்.
மார்ச்சில் முப்பத்திரண்டு லட்சம் பேசி
ரெண்டு லட்சம் அட்வான்ஸ் கைமாறியது
என் மேசையில்தான்.
புரோக்கர் செல்லக்கண் அன்றைக்குச் சொன்னது:
"பாக்டரி மதிலை ஒட்டிக் கிடக்கு வீடு.
மாடிய வாடகைக்கு விட்டா ஆளு வரிசையில நிக்கும்."

ஜூனில், மேல்காற்று பிடித்த மூன்றாம் நாள்,
ரப்பர் பால் கெடாமலிருக்க ஊற்றுகிற அமோனியா
மதிலைத் தாண்டி வந்தது.
மணி ரெண்டு.
நனைத்த துவர்த்தை மூக்கில் கட்டிக்கொண்டு
சபை முற்றத்துக்கு ஓடினார்கள்.
யாரோ மணி அடித்தார்கள், எப்போது நிறுத்துவது என்று தெரியாமல்.
விடிந்தபோது பப்பாளி இலைகள் வெந்து தொங்கின.
கயிறு அவிழ்க்க மறந்த ஆடுகள் ரெண்டு
கயிற்றின் நீளத்துக்குக் கிடந்தன.
வால்வை மூடப் போன ஆபரேட்டர் கிறிஸ்துராஜ்
மூடிவிட்டார்.
அவரைத்தான் வெளியே தூக்கி வரவேண்டியிருந்தது.

பதினொன்றாம் நாள் அட்வான்ஸ்காரர் வந்தார்.
மரியாதையான மனிதர்.
"பிள்ளைக்கு இழுப்பு உண்டு சார்" என்றார்.
மார்ச்சிலும் இருந்திருக்கும் அந்த இழுப்பு.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள்.
தாசில்தார் குடிக்கத் தண்ணீர் கேட்க,
எதிரே கிணறு இருந்தும்
ஒரு பையன் ஜங்ஷனுக்கு ஓடி பாட்டில் வாங்கி வந்தான்.
அடைக்கணும் என்றது பாதி ஊர்.
கையுறை பாக்கிங்குக்குப் போகிற பெண்கள்
எப்போ திறப்பீங்க என்றார்கள்.
ஒரே வீட்டில் புருசன் அங்கே, பெண்டாட்டி இங்கே.
பின்வரிசையிலிருந்து ரோஸ்லெட் எழுந்தாள்:
"என்னவும் செய்யுங்கோ, பேப்பருல மட்டும் போடாதீங்கோ.
எனக்க மோளுக்கு ஆளு வந்து பாக்கணும்,
எனக்க பறம்பையும் விக்கணும்."
அதற்கு மட்டும்
எல்லாத் தலையும் ஒன்றுபோல ஆடியது.

செல்லக்கண் இப்போது "சர்ச்சுக்குப் பக்கம்" என்கிறார்.
காற்று கிழக்கிலிருந்து அடிக்கிற நாள் பார்த்து
ஆள் கூட்டி வருகிறார்.
வந்தவர்கள் இல்லாத வாடையையும் மோந்தார்கள்.
இருபத்தாறு. இருபத்திரண்டு. பதினெட்டு.
அரசாங்கத்தின் வழிகாட்டி மதிப்பு மட்டும்
ஒரு ரூபாய் இறங்கவில்லை,
அதற்கு மூக்கு கிடையாது.

கடைசியில் வாங்க வந்தது ஜெசிந்தா.
கிறிஸ்துராஜின் மனைவி.
இத்தனை வருடம் ரோட்டுக்கு அப்புறம் வாடகை வீடு.
நஷ்டஈட்டுக் காசோலையின் நகலை
நாலாக மடித்து வைத்திருந்தாள்.
வீடு பார்க்கப் போன அன்று
அடுக்களையின் மேற்கு ஜன்னலைத் திறந்து
கொஞ்ச நேரம் நின்றாளாம்.
விலை குறைக்கச் சொல்லவில்லை.
வென்சிலாஸ்தான், யாரும் கேட்காமலே,
பதினாறே முக்கால் என்றார்.
சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்த்தார்.

"முப்பத்திரண்டுன்னா எனக்கு எட்டாது அண்ணா"
என்றாள் அவள்.
செல்லக்கண் இருமினார்.
எனக்குப் பேனா வேறு எடுக்க வேண்டியிருந்தது.

சொத்து விவரம் எழுதினேன்:
கிழக்கே பஞ்சாயத்து ரோடு.
வடக்கே ஞானாபரணம் வகை ரப்பர் விளை.
தெற்கே ஓடை.
மேற்கே
என்று எழுதி நிறுத்தினேன்.
"எழுதுங்க" என்றாள்.

மதில், என்று எழுதினேன்.
யாதொரு வில்லங்கமும் இல்லை என்றும் எழுதினேன்,
வழக்கமான வரிதான் அது.

"அந்த மதில் நமக்கா, அவங்களுக்கா?"
அவங்களுக்கு.
"ஒரு ஆணி அடிக்கலாமா? துணி காயப்போட
கொடி கட்டணும்."
சட்டப்படி கூடாது, என்றேன்.
தலையாட்டிவிட்டுக்
கையெழுத்துப் போட்டாள்,
ஒவ்வொரு பக்கத்திலும்.