இருபத்திரண்டு சென்டிமீட்டர்

கடல் உறைந்துவிட்டால்
அதன்மேல் சாலை போடுவோம், இங்கே எஸ்டோனியாவில்.
போடுவது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை:
பனியை ஒதுக்கி, இருபுறமும் ஜூனிப்பர் கிளை நட்டு,
கரையில் ஒரு பலகை.
பலகையில் எண் எழுதுவது என் வேலை.

விடியுமுன் துளைக்கருவியோடு போவேன்.
வோர்ம்சித் தீவுவரை நாற்பது துளை.
ஒவ்வொன்றிலும் அளவுகோலை இறக்கி
அடிவிளிம்பில் கொக்கியை மாட்டி இழுத்துப் பார்ப்பேன்.
இருபத்திரண்டுக்குக் குறைந்தால் சாலையை மூடவேண்டும்.

நான் கடவுளை நம்புகிறவன் அல்ல.
எங்கள் ஊரில் பெரும்பாலோர் அப்படித்தான்.
இதில் பெருமையுமில்லை, வருத்தமுமில்லை,
இடதுகைப் பழக்கம் மாதிரி.

விர்வே டாம்சாலு ஞாயிறுதோறும் வருவார்,
பழைய மாஸ்க்விச் காரில்,
தீவுத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்க.
கேட்பவர்கள் ஆறு பேர். அதில் ஒருவருக்குக் காது கேட்காது.
பலகையை ஒருமுறை பார்ப்பார், போய்விடுவார்.
"நீங்களே ஒரு துளை போட்டுப் பாருங்களேன்" என்றேன் ஒருநாள்.
"அதான் நீ போட்டாயிற்றே."

பிப்ரவரியில் என் வண்டி நடுக்கடலில் நின்றுபோனது.
இருட்ட ஒரு மணி நேரம் இருந்தது.
திரும்பி வந்துகொண்டிருந்த அவர் காரில் ஏறினேன்.
கை தானாக சீட் பெல்ட்டை இழுத்தது.
"வேண்டாம்" என்றார்.

எனக்குத் தெரியாதா?
உடைந்தால் வெளியே குதிக்க வேண்டும், பெல்ட் போடாதீர்கள்
என்ற அறிவிப்பை நட்டவனே நான்தான்.
தெரிந்தும் கை விடவில்லை.

இன்னொரு விதியும் உண்டு:
இருபத்தைந்துக்குக் கீழே போ, அல்லது நாற்பதுக்கு மேலே.
நடுவேகம்தான் கொல்லும்.
அடியில் எழும் அலை வண்டியோடு சேர்ந்து ஓடி
கட்டியைப் பிளந்துவிடும்.
"வெதுவெதுப்பு அவருக்கும் பிடிக்காது" என்று
மேலே கண்ணைக் காட்டிச் சிரித்து மிதித்தார்.
ஐம்பது. அறுபது.

அடியில் யாரோ நீளக் கம்பியைச் சுண்டியதுபோல்
பனிக்கட்டி முனகியது.
"காலையில் இருபத்தாறு இருந்தது" என்றேன், எனக்கே தேறுதலாக.
"எங்கே?"
"பதினேழாம் துளையில்."
"இங்கே?"

பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே இருநூற்றைம்பது மீட்டர்.
எட்டுக் குளிர்காலம்,
அங்கே ஒருநாளும் நான் துளை போட்டதில்லை.
தாளில் புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்ததோடு சரி.

அவரே பேசினார்.
நாற்பத்து நான்கில் அப்பா ஸ்வீடனுக்குப் படகேறினாராம்.
இவர் அப்போது அம்மா வயிற்றில் நான்கு மாதம்.
கடிதம் இல்லை, உடல் இல்லை, ஒரு புகைப்படம்கூட இல்லை.
"பார்த்ததே இல்லை. ஆனால் இந்த மூக்கு யாருடையது?"
"அது உயிரியல்."
"சரி, உயிரியல்" என்றார், கோபமில்லாமல்.
சற்றுப் பொறுத்து,
"சில ஞாயிறு ஒருவரும் இருப்பதில்லை.
மேலே வெறும் மரக்கூரை."
"அப்போது என்ன செய்வீர்கள்?"
"பெடலை மிதிப்பேன். அடுத்த பாட்டுக்கு நேரமாகிவிடுமே."

கரை ஏறினோம்.
சீட் பெல்ட்டை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை.

மறுநாள் விடியுமுன்
பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே முழங்காலிட்டேன்,
துளை போடத்தான்.
கையுறையைக் கழற்றி விரலை உள்ளே விட்டேன்.
காயத்தில் விரலிட்டுப் பார்ப்பேன் என்றானாமே ஒருவன்,
அவனை எனக்குப் பிடிக்கும், என் தொழில்காரன்.
தண்ணீர் எலும்புவரை கடித்தது.

பத்தொன்பது.
இதன்மேல்தான் நேற்றுப் போனோம்.

இதை எதற்குச் சாட்சியாக எழுதுவது?
தாளில் அந்த இடத்தைக் காலியாக விட்டேன்.
சாலையை மூடினேன்.

ஞாயிறு விர்வே வந்தார்.
பலகையைப் பார்த்தார். இறங்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை.
காரைத் திருப்பிக்கொண்டு போனார்.

பத்து மணிக்கு நான் கரையில் நின்றேன்.
தீவில் ஆறு பேர்
ஆர்கன் இல்லாமலே பாடியிருப்பார்கள்,
காது கேட்காதவர் அரை அடி பிந்தி.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
காற்று இங்கிருந்து அங்கே வீசிக்கொண்டிருந்தது.