பாட்டில் பச்சை

அங்கேரிபாளையம் ரோட்டில், இரண்டாம் மாடி.
சென்னியப்பன் அண்ணனுக்கு அறுபத்தொன்று.
மௌனிகாவுக்கு இருபத்திமூன்று.
நடு மேசை எனக்கு, நாற்பத்தாறு.
மூன்று பேருக்கும் இருக்கிற ஒரே பிளக் பாயிண்ட்டும்
என் காலடியில்தான்.

அவர் போன் போடுவார். அவள் எடுக்கமாட்டாள்.
எட்டடி தூரத்தில் மணி அடித்து ஓயும்.
அவள் மெயில் போடுவாள்.
அவர் அதை அச்செடுத்து
பென்சிலில் அடிக்கோடிட்டு
டிராயரில் வைத்துப் பூட்டுவார்.

"அந்தப் புள்ளைகிட்டச் சொல்லு சாந்தாமணி,
மஞ்சள் ஏறிக் கெடக்குது.
இதை அனுப்புனா மானம் போயிரும்."
நான் அவளிடம்:
"அண்ணன் இன்னொருக்காப் பாக்கலாமான்னு கேக்கறாரு."
"மிஷின்ல பாயிண்ட் ஆறுதானுங்க்கா, பாஸ்.
கண்ணுல பாத்தே சொல்றதுன்னா மிஷின் எதுக்குங்க?"
நான் அவரிடம்:
"சரீன்னு சொல்லுச்சுங்ணா."

இப்படியே பதினொரு மாசம்.
இரண்டு பக்கமும் மிளகாயைப் பொறுக்கி எடுத்துவிட்டுப்
பரிமாறிக்கொண்டிருந்தேன்.
எனக்கு நல்ல பெயர்.
"நீ இல்லீனா இந்த ஆபீஸ் ஓடாது" என்று முதலாளி
தீபாவளிக்கு எனக்கு மட்டும்
அரைக் கிலோ மைசூர்பா கூடுதலாகத் தந்தார்.

டென்மார்க்காரனுக்கு நாற்பதாயிரம் டீசர்ட்.
பாட்டில் பச்சை.
பெருந்துறைச் சாயப்பட்டறையிலிருந்து
உள்ளங்கை அகலத்தில் ஐந்து துண்டுத் துணி
மத்தியானம் பஸ்ஸில் வந்ததாம்.
அன்றைக்கு நான் லீவு.
குன்னத்தூரில் ஒறம்பரை வீட்டுச் சீர்.

மறுநாள் வந்து பார்த்தால்
ஷீட்டில் மிஷினுக்குப் பக்கத்தில்
புதிதாக இரண்டு கட்டம்:
இடது. வலது.
லைட் பாக்ஸ் முன்னால் அண்ணன்
ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு.
"வலதுங்களா?"
"வலதுல மஞ்சளு."
"இடது?"
"இடதுல என்னமோ கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தாப்பல
நீலமா இருக்குதும்மிணி."
அவள் தட்டிக்கொண்டே போனாள்.

மார்கழியில் இடது கண்ணில் புரை எடுத்திருக்கிறார்.
பல் பிடுங்க என்று அவர் கேட்ட நாலு நாள் லீவுக்கு
நான்தான் கையெழுத்து வாங்கித் தந்தேன்.
வலதுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.
கலர் பார்க்கிறவன் கண்ணில் கோளாறென்றால்
எந்தக் கம்பெனி வைத்திருக்கும்?

"உனக்கெப்படித் தெரிஞ்சுது?" என்றேன் மௌனிகாவிடம்.
"ஒவ்வொரு கண்ணா மாத்தி மாத்தி மூடுனாருங்க.
ஏனுங்கன்னு கேட்டேன். சொல்லிட்டாரு."

அவ்வளவுதான். கேட்டிருக்கிறாள்.

அவரும் இப்போது போன் போடுவதில்லை.
எழுந்து எட்டடி நடந்துபோய்
அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறார்.
"போன்ல அதுக்கு வார்த்தை தொண்டையிலயே சிக்கிக்குதாமா.
மொகம் பாத்தா வந்துருதாம்.
நமக்குத் தெரியுமா சொல்லு?"
நமக்கு என்று அவர் சொன்னது
பெருந்தன்மை.

இடதும் வலதும் மிஷினும் சேர்ந்து
மூன்றாவது துணியைத் தேர்ந்தெடுத்தார்கள்.
முதலாளிக்குப் போகிற ஷீட்டில்
அந்த இரண்டு கட்டங்களையும் அவள் மறைத்துவைத்தாள்.
ஆறாம் நாள் டென்மார்க்கிலிருந்து பதில்:
இன்னும் ஒரு பொட்டு கறுப்பு வேண்டும்.
மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை.
அவர் அதையும் அச்செடுத்தார்.
அவள் பென்சிலை நீட்டினாள்.
இரண்டு பேரும் அப்படிச் சிரித்தார்கள்,
டீ கொண்டுவந்த பையன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

பழக்க தோஷம்,
"அண்ணா, அது என்ன சொல்லுதுன்னா" என்று
ஆரம்பித்துவிட்டேன்.
இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.
"கேட்டுதுங்க்கா" என்றாள்.
குனிந்து, கழன்றே இராத சார்ஜரைப்
பிளக்கில் இன்னொருமுறை அழுத்திவிட்டேன்.

அவர்கள் டீக்கு இறங்கியதும்
மூன்றாவது துணியை ஜன்னலோரம் எடுத்துப்போய்
ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன்.
மற்றதை மூடிப் பார்த்தேன்.
இரண்டிலும் ஒரே பச்சை.
ஆனால் எதிர்ச் சாரியில் பேக்கரி போர்டு
வலதில் கொஞ்சம் கலங்குகிறது.

யாரிடமும் சொல்லவில்லை.
படியேறி வந்த மௌனிகா
என் கை இன்னும் கண்மேல் இருந்ததைப்
பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.