பத்தொன்பதாவது தட்டு

மும்பையிலிருந்து மின்னஞ்சல், காலை ஆறு பத்துக்கு.
கையெழுத்து பதினெட்டு. உணவு பத்தொன்பது.
வேறுபாட்டை விளக்கவும்,
நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்.

சத்துவாச்சாரி மொட்டைமாடியில் தொட்டி நிரம்பி வழிகிறது.
மோட்டாரை அணைத்துவிட்டு மறுபடி படிக்கிறேன்.
ஒரு தட்டு.
வரியோடு அறுநூற்று எண்பது ரூபாய்.

முறையாகத்தான் தொடங்கினேன்.
ஆறு வாரம் முன்பே திட்டப் படிவம்.
கூட்டத்தின் தேவை என்ன?
‘சர்க்கரை நோயில் பாதப் புண்’ என்று எழுதினேன்.
தேவை என்பது
ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டில் சுண்ணாம்பு நீரில் நிற்கிற கால்.
ஆணி ஏறியது தெரியாமல்
மூன்று நாள் ஷிப்டுக்கு வந்த கால்.
கட்டத்தில் இருநூறு எழுத்துக்குத்தான் இடம்.

இவரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?
ஹெப்சிபா டாக்டர் எங்கள் மாத்திரையை அதிகம் எழுதுகிறவர் அல்ல.
அதிகம் எழுதுகிறவர் பெயரை மேலாளர் சொன்னார்,
டைரியில் குறித்தேன், அடித்தேன்.
இருபத்தாறு வருட அனுபவத்துக்கு
மணிக்கு இன்ன தொகை என்று அட்டவணை இருக்கிறது.
ஒப்பந்தம் முன்கூட்டியே கையெழுத்தாக வேண்டும்.
ஆபரேஷன் தியேட்டர் வாசலில், பச்சை உடுப்பில்,
சுவரில் காகிதத்தை அழுத்திப் போட்டுக் கொடுத்தார்.
‘வரி போக எவ்வளவுப்பா?’
சொன்னேன். ‘பரவால்ல, பையன் மெஸ் பில்லுக்கு ஆச்சு.’

காட்பாடியில் ஓட்டல், முதல் மாடி.
பகலெல்லாம் குடித்த நாற்பத்திரண்டு டிகிரியை
இரவு எட்டுக்குச் சுவர்கள் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன.
பேனா கூடாது. பை கூடாது.
குடும்பத்தாருக்கு நாற்காலி கூடாது.
குடியாத்தத்து டாக்டர் மனைவியோடு வந்துவிட்டார்.
என் முகத்தைப் பார்த்த அந்த அம்மாவே
‘நான் கார்லயே இருக்கேன்’ என்று திரும்பி இறங்கினார்.
பின்னால் ஓடி ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தேன்,
என் காசு.
அதை எந்தத் தலைப்பில் காட்டுவதென்று இன்னும் தெரியவில்லை.

விளக்கணைத்து, திரையில் பாதங்கள்.
கட்டைவிரல் இல்லாதது. குதிகால் கறுத்தது.
பிரியாணி அண்டாவைத் திறந்த வாசனை உள்ளே வந்தும்
யாரும் கதவுப்பக்கம் திரும்பவில்லை.
அப்போதுதான் பின்வரிசையில் சின்ன வெளிச்சம்:
புரொஜெக்டர் ஓட்ட வந்த லட்சுமிபதி
செருப்பைக் கழற்றி, காலை மடியில் தூக்கிவைத்து
செல்போன் டார்ச்சில்
தன் உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்வி நேரம் முடிந்தபின்
ஹெப்சிபா டாக்டர் நேரே அவரிடம் போனார்.
நாற்காலியில் கால், டாக்டர் தரையில்.
பஞ்சு கேட்டார். டிஷ்யூதான் இருந்தது.
‘எப்ப சாப்பிட்டீங்க?’
‘காலைல மேடம். மாத்திரை மட்டும் போட்டுட்டேன்.’
‘இவருக்கு ஒரு தட்டு கொண்டாங்க.’
வெள்ளைக் கோட்டு இல்லாமலேயே அந்தக் குரலுக்கு
ஓட்டல் ஊழியர் இரண்டு பேர் ஓடினார்கள்.

இப்போது மணி ஒன்பது. முனிரத்தினம் டாக்டர் பேசுகிறார்,
அன்று வராதவர்:
‘ஷீட்ட எடுத்தாந்துடு தம்பி, ஒரு கையெழுத்துதானே,
கணக்கு நேராயிடும்.’
நேராகும்தான்.
போன வருஷம் ஆற்காட்டில் இரண்டு பெயரை
அப்படித்தான் நேராக்கினேன்.
யாரும் கேட்கவில்லை.
கேட்காததால் சரியாகிவிட்டதென்று
கொஞ்ச நாள் நினைத்திருந்தேன்.

‘வேண்டாம் சார்’ என்றேன்.
அவருக்குக் கோபம் வந்திருக்கலாம். அடுத்த மாதம் தெரியும்.

காரணம் என்ற இடத்தில் ‘பிற’ தேர்ந்தெடுத்து
தட்டச்சு செய்கிறேன்:
பத்தொன்பதாவது உணவு புரொஜெக்டர் இயக்குநருக்கு.
மருத்துவர் அல்லர். பதிவேட்டில் இல்லை.
தொகையை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம்.
பணிவுடன்,
தணிகைவேலன், வேலூர்.

அனுப்பி முடிக்கவில்லை, லட்சுமிபதி கூப்பிடுகிறார்.
பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல்.
‘சார், அந்த மேடம் இன்னிக்கி வரச் சொன்னாங்க.
எந்த வரிசையில நிக்கணும்?’

முதலில் கேட்டேன்:
செருப்பு போட்டிருக்கீங்களா?