ஜாக்கிக்கு ஒரு பள்ளம்

வண்டி நின்றது.
ஜாக்கி நிற்கவில்லை.
நடந்தது அவ்வளவுதான்.

காக்காச்சிக்கு முந்தின வளைவில்
மிளா ஒன்று குறுக்கே இறங்க
நான் மிதித்தேன்.
சாக்குக்கடியில் கிடந்த ஆறு கிலோ இரும்பு
வந்த வேகத்தை விடாமல்
முன் சீட்டுவரை வந்தது.
சவரிமுத்துவின் பிடரியில் ஒன்பது தையல்.
மிளா ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு
ஈத்தங்காட்டுக்குள் போயிற்று.

ஏழு வருஷமாக மணிமுத்தாறு தாண்டி
மேலே சாமான் ஏற்றுகிறேன்.
கேஸ் சிலிண்டர், முட்டை அட்டை,
டிஸ்பென்சரிக்கு இன்சுலின் பெட்டி,
நாலுமுக்கில் யார் மகளுக்கோ தைத்த சடங்குப் பாவாடை.
செக்போஸ்ட்டில் கேட்டால்
"கட்டியிருக்கேன் சார்" என்பேன்.
பொய்யில்லை. கயிறு இருந்தது.

கல்லிடைக்குறிச்சியில் மைதீன் பிச்சை பட்டறை.
பூட்டு வைத்த பெட்டி வேண்டும் என்றேன்,
கள்ளன் விரல்கூட நுழையக் கூடாது.
அவர் பின்கதவைத் திறந்து
வெறுந்தகரத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.
"கள்ளனுக்கு அஞ்சு நிமிசமாவது வேணும்.
பாரத்துக்கு அதுகூட வேண்டாம், பாத்துக்கிடுங்க.
யாரை உள்ள வச்சுப் பூட்டணும்?"

சொன்னேன்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
வண்டிக்கடியில் போனார்.
இங்கே டீசல் டேங்க், இங்கே பிரேக் பைப்,
இந்த நாலு இடம் மட்டும் நமக்கு என்று
சாக்பீஸால் வட்டம் போட்டார்.
நாலு தவணை இன்னும் பாக்கி இருக்கிற வண்டி.
முதல் ஓட்டை விழுந்தபோது
என் கடைவாய்ப் பல் கூசியது.

ஸ்க்ரூ போதாதா என்று கேட்டேன்.
"ஸ்க்ரூ பலகையைப் பிடிக்கும்.
போல்ட்டு வண்டியைப் பிடிக்கும்."
அதற்கப்புறம் நான் எதுவும் கேட்கவில்லை,
விலையைத் தவிர.

பதினெட்டு எம்எம் பிளை,
மூலைக்கு மூலை ஆங்கிள்,
கீழே பழைய டயர் டியூபில் வெட்டின பட்டை.
கனத்தது தரையோடு, நடுவில்.
சிலிண்டருக்கு நிமிர்ந்து நிற்க ஒரு வளையம்,
இன்சுலினுக்குக் கோரைப்பாய்த் துண்டு விரித்த அறை.
லாரிப் பட்டையை மாட்ட ஆறு கொக்கி,
ஆறிலும் அவர் தொங்கிப் பார்த்தார்,
அறுபத்தெட்டு கிலோ மனிதர்.
ஜாக்கியைப் பலகைமேல் படுக்கவைத்து
சுற்றிப் பென்சில் கோடு போட்டு
அதன் உடம்பு அளவுக்கே ஒரு பள்ளம் எடுத்தார்.
மேலே இரும்புத் தாழ்.

நாலாம் நாள் பாபநாசம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன்.
எல்லாம் சரி.
ஒரு சத்தம் மட்டும்,
டக், டக், குழிக்கு ஒன்று.
மூன்று இடத்தில் நிறுத்தி
எல்லா நட்டையும் முறுக்கினேன்.
பின்னால் இல்லை.
முன் சீட்டுக்கடியில்
சவரிமுத்துவின் சுண்ணாம்பு டப்பா.

அன்றைக்கே விக்கிரமசிங்கபுரம் போனேன்.
தலைமுடி வளர்ந்து தையலை மூடியிருந்தது.
டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தான்,
காய்ந்து போயிருந்தது.
வண்டிக்குப் பின்னால் போய்
ஒவ்வொரு அறையையும் இழுத்தான், அறைந்தான்,
தோளைக் கொடுத்துத் தள்ளினான்.
அசையவில்லை.
பெட்டி என்ன ஆச்சு என்று கேட்டான்.
சொன்னேன்.
"எனக்குத் தையல் போட்டதுக்கு
இதுல கால்வாசிகூட ஆவல."
சிரித்தானா என்று தெரியவில்லை,
முதுகுதான் தெரிந்தது.

திங்கள்கிழமை விடியுமுன் வந்து நின்றான்.
ஏறுவதற்கு முன்
பின்கதவைத் திறக்கச் சொன்னான்.
தாழை நீக்கி, ஜாக்கியை எடுத்து,
முன் சீட்டில் உட்கார்ந்து
மடியில் வைத்துக்கொண்டான்.
"இது மட்டும் என் கண்ணு முன்னால வரட்டும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கியரைப் போட்டேன்.
மலை முழுக்க இரண்டு கையாலும்
அதைப் பிடித்துக்கொண்டே வந்தான்.
பின்னால் ஒரு சத்தமும் இல்லை.
அந்தப் பள்ளம் காலியாக வந்தது,
தாழ் போட்டு.