ஒன்று எழுபது

சின் மிங்கில் அந்தக் கடைக்கு
ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் கோப்பிக் கடை.
குளிரூட்டிய அறையில் ஜாடிகள்,
விளையாட்டு விழாக் கோப்பைகள் மாதிரி
பெயர் வெட்டக் காத்திருந்தன.

பளிங்கு, பித்தளை, நீலப் பீங்கான்,
மூடியில் தாமரை செதுக்கியது ஒன்று.
கடலில் கரைவதும் உண்டு, என்றாள் ஹுவீ லிங்,
உப்பும் காகிதமும் சேர்த்துச் செய்தது,
நாலு நிமிடத்தில் போய்விடும்.
வேண்டாம்.
குசு தீவுக்குப் போன ஒரே ஒரு முறை
போகும்போதும் வரும்போதும்
வாந்தியெடுத்த மனிதர்.

"எத்தனை கிலோ இருந்தார்?"

எப்போதைய தவசீலனைச் சொல்ல?
கல்யாணப் பதிவன்று அறுபத்து நான்கு.
பாலிகிளினிக்கில் தாதியை நிறுத்தி,
பாக்கெட்டுச் சாவிக்கொத்தை எடுத்து வைத்துவிட்டு
மறுபடி ஏறி நின்ற எண்பத்தொன்பது.
கடைசியில், போர்வை மாற்ற
நான் ஒற்றைக் கையால் புரட்டிய
நாற்பத்தொன்று.

அவள் கால்குலேட்டரை ஒதுக்கினாள்.
"எலும்பு இளைக்காது, ஆன்ட்டி.
உயரம் சொன்னால் போதும்."

உயரம்.
தேசிய சேவைக் கோப்பில் ஒன்று அறுபத்தேழு.
ஊரெல்லாம் சொல்லிக்கொண்டது ஒன்று எழுபது.
முப்பத்தோராண்டில்
இந்த மூன்று சென்டிமீட்டருக்காக
எத்தனை முறை வம்புக்கிழுத்திருப்பேன்,
சுவரோடு நிற்க வைத்து,
உச்சியில் அடிக்கோல் வைத்து.

ஒன்று எழுபது, என்றேன்.
எழுதிக்கொண்டாள்.

சாம்பல் நிறப் பளிங்கு. ஜிஎஸ்டி தனி.
விற்ற பொருளை மாற்றித் தரமாட்டோம் என்று
ரசீதில் நான்கு மொழியிலும் போட்டிருந்தார்கள்.
தமிழில் மட்டும் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது.
அவராயிருந்தால் பேனா கேட்டிருப்பார்.

பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டேன்.
வெறும் ஜாடியே இத்தனை கனம்.

வீட்டுக்கு வந்ததும்
எந்தப் புதுப் பாத்திரத்துக்கும் செய்வதுபோல
யோசிக்காமல் கழுவிவிட்டேன்.
அவருடைய மைலோ குவளைக்குப் பக்கத்தில்
கவிழ்த்து வைத்த பிறகுதான் உறைத்தது.

நாளை ஒன்பதரைக்கு மண்டாய் வரச் சொல்லியிருக்கிறார்கள்.
விரலில் துணி சுற்றி உள்ளே விட்டுப் பார்த்தேன்.
வாய் குறுகல். அடி எட்டவில்லை.
மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு
சமையலறையிலேயே உட்கார்ந்திருக்கிறேன்,
மணி இரண்டே கால்,
உள்ளே இன்னும் ஈரம்.