நிலைக் கட்டணம்

டண்டியில், ஹில்டவுன் ஏற்றத்தின் பாதியில்
மூன்றாம் மாடி. கதவுக்குப் பின்னால் மீட்டர்.
சாவி போட்டால்தான் வெளிச்சம்.
சாவியில் காசு ஏற்ற
முக்குக் கடை வரை இறங்க வேண்டும்.

பிப்ரவரி. மூன்று பேர்:
நான், இன்பராஜ், ஹமீதா.
யார் எவ்வளவு தருவது என்பதுதான்
அந்த வாரத்துச் சண்டை.

'சுலபம்' என்றான் இன்பராஜ்.
'எரித்தவர் எரித்த அளவுக்கு. நேர்விகிதம்.
இரண்டு மடங்கு எரித்தால் இரண்டு மடங்கு காசு.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடணும்.'
ஜன்னலில் ஒரு விரற்கடை ஆறு தெரிந்தது.
அதன் பெயரே டே.
நாங்கள் ஒருவரையொருவர் கூப்பிடும்போதெல்லாம்
அதுவும் திரும்பிப் பார்த்திருக்கும்.

நம்பினேன்.
அரிசி தண்ணீரை அப்படித்தானே கேட்கிறது?
ஒரு தம்ளருக்கு இரண்டு, மூன்றுக்கு ஆறு,
அரிசியே இல்லையென்றால்
தண்ணீரும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம்.
சுழியில் கிளம்பும்
ஒளிவுமறைவு இல்லாத கோடு.

ஏழு நாள் குறித்துவைத்தேன்,
கல்விக் கட்டண நினைவூட்டல் வந்த உறையின் முதுகில்.
நான்கு யூனிட் எரிந்த நாள், நூற்று அறுபத்தொரு பென்ஸ்.
ஆறு எரிந்த நாள், இருநூற்றுப் பதினொன்று.
எட்டு எரிந்த நாளுக்கு
முந்நூற்று இருபத்திரண்டு வந்திருக்க வேண்டும்.
வந்தது இருநூற்று அறுபத்தொன்று.

இன்பராஜ் மீட்டரை ஒரு தட்டு தட்டினான்.
அது மாறவில்லை.

மாத்திரை அட்டையின் ஓரத்தை வைத்துப்
புள்ளிகளைச் சேர்த்தேன்.
நேர்கோடுதான், சந்தேகமே இல்லை.
சாய்வு, யூனிட்டுக்கு இருபத்தைந்து:
எங்கள் தெருவைப் போல,
கையில் மளிகைப் பை இருந்தாலும் இல்லாவிட்டாலும்
அடிக்கு அடி அதே உயர்வு.

ஆனால் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால்,
மூன்று, இரண்டு, ஒன்று,
விளக்கை அணைத்தாயிற்று, ஹீட்டரை அணைத்தாயிற்று,
ஃப்ரிட்ஜின் முனகலையும் பிடுங்கியாயிற்று,
சுழிக்கு வந்த பிறகும்
கோடு ஆதிப்புள்ளிக்கு இறங்கவில்லை.
அறுபத்தொன்றில் நிற்கிறது,
வாசலில் செருப்பைக் கழற்றாமல்
நின்றுகொண்டே பேசும் ஆளைப் போல.

நிலைக் கட்டணமாம்.
எரித்தாலும் எரிக்காவிட்டாலும்
கம்பி இந்த வீடு வரை வந்திருப்பதற்கு
நாளொன்றுக்கு.

அப்புறம் சண்டையும் இரண்டு துண்டானது.
சாய்ந்த பகுதியை 1 : 2 : 1 என்று பிரிக்கலாம்,
அந்த இரண்டு இன்பராஜுக்கு,
ஹீட்டரைக் கட்டிக்கொண்டு தூங்குபவன் அவன்தான்.
அறுபத்தொன்றை எந்த விகிதத்தில் வெட்ட?

ஹமீதா பயிற்சிக்காக அபர்டீன் போய் ஒன்பது நாள்.
'நான் அங்கே இல்லவே இல்லையே' என்றாள் போனில்.
'என் எக்ஸ் சுழி.'
'சுழிதான். அதனால்தான் கணக்கு சுத்தமாக வருகிறது.
ஒன்பதை அறுபத்தொன்றால் பெருக்கி மூன்றால் வகு.'
அவள் சிரிக்கவில்லை.
வைத்துவிட்டாள்.

ஒரு பவுண்டு எண்பத்துமூன்று பென்ஸ்.
கேட்டிருக்கவே கூடாது.
ஆனால் பொய்யும் இல்லை அது.
அவளுடைய ஃப்ரிட்ஜ் தட்டில் யாரும் எதையும் வைக்கவில்லை.
பூட்டிய அறையைத் தாண்டும்போது
இன்பராஜ்கூடக் குதிகாலைத் தூக்கித்தான் நடந்தான்.
அந்த ஒன்பது நாளும்
என் கை மூன்று தம்ளர் அரிசிதான் அளந்தது.
மறுநாள் மிச்சத்தைக் கொட்டும்போதுதான் ஞாபகம் வரும்.

திங்கள் இரவு வேலை முடிந்து
செவ்வாய் விடியலில் படியேறி வந்தால்
மீட்டர் பெட்டியின் மேல் வரிசையாக நாணயங்கள்.
ஒரு பவுண்டு, ஐம்பது, இருபது, பத்து, இரண்டு, ஒன்று.
ஐந்து மட்டும் இல்லை. தேவைப்படவும் இல்லை.

சமையலறையில் விளக்கு எரிந்தது.
குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள்,
கையில் தம்ளர்.
'எத்தனை?' என்றாள் திரும்பாமலே.
'மூன்று' என்றேன்.
தண்ணீரை அவளே அளந்து ஊற்றினாள்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஆறு.