நூற்று அறுபது மில்லிநொடி

தொண்ணூற்றேழு. பாயான் லெப்பாஸ், மூன்றாவது மாடி.
சுவரெங்கும் பஞ்சு ஆப்புகள் பதித்த அறை.
கதவை இழுத்துச் சாத்தினால்
சொந்தக் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்கும்.

தொலைபேசியில் மனிதர்கள் பாதி நேரம் பேசுவதில்லை.
அந்தப் பாதியை அனுப்பாதே என்பதுதான் என் வேலை.
மௌனத்தைக் கண்டுபிடி, வெட்டு,
மிஞ்சிய இடத்தில் இன்னொருவர் பேச்சை ஏற்று.
வெட்டிய இடம் செத்துக் கிடந்தால்
ஹலோ ஹலோ என்று பதறுவார்கள் என்பதால்
மறுமுனையில் கொஞ்சம் பொய் இரைச்சல் தூவுவோம்.
ஆறுதல் இரைச்சல் என்று அதற்குப் பெயர்.
நான் வைத்ததல்ல.

சோதனை வாக்கியங்கள் தலைமையகத்திலிருந்து
ஆங்கிலத்தில் வந்தன.
ஃபௌசியா மலாயில் வாசித்தாள்.
சூ எங் ஹொக்கியனில்,
அவன் அம்மாவோடு சண்டை போடுகிறவன் மாதிரி.
தமிழுக்கு ஆளில்லை.
எழுதிக்கொண்டும் போகவில்லை.
வாயில் வந்ததைச் சொன்னேன்:
எனக்கு உன்மேல கோபம் இல்ல.

ஓட்டிக் கேட்டேன்.
எனக்கு உன்மேல கோபம்.

ஆறு முறை ஓட்டினேன்.
திரையில் அந்த 'இல்ல' இருக்கத்தான் செய்தது,
மூச்சு இறங்குகிற இடத்தில்,
நாங்கள் போட்ட கோட்டுக்குக் கீழே
தாழ்ந்த ஒரு மேடாக.
என் நிரல் அதை மௌனம் என்று எண்ணிக்கொண்டது.

பேச்சு அடங்கிய பின்னும்
எண்பது மில்லிநொடி காத்திருக்கிறோம், போதாது,
இருநூறு வேண்டும் என்றேன் கூட்டத்தில்.
ஏன் என்றார்கள்.
எங்கள் மொழியில் மறுப்பு கடைசியில் வரும்,
வரும்போது குரலில் பலம் இருக்காது என்றேன்.
மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் கணக்குப் போட்டார்:
நூற்றிருபது மில்லிநொடி, லட்சம் அழைப்பு, இத்தனை ரிங்கிட்.
"கொஞ்சம் உரக்கப் பேசச் சொல்லலாமே அவர்களை."
சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் மூன்று வாரம்
பிறையில் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நின்ற பெண்களிடம்
ஒலிவாங்கியை நீட்டினேன்.
ஓவர்டைம் வேணாம்னேன்.
அவரு இன்னும் பணம் அனுப்பல.
நான் திரும்பிப் போக மாட்டேன்.
லாரி இரைச்சலோடு, ஃபெரியின் ஊதலோடு
நூற்று நாற்பது பதிவுகள்.
வெட்டிய பிறகு எல்லாரும்
எல்லாவற்றுக்கும் சம்மதித்திருந்தார்கள்.
அதைப் போட்டுக் காட்டினேன்.

இருநூறு கேட்டேன். நூற்று அறுபது கொடுத்தார்கள்.
காப்புரிமையில் ஐந்து பெயர்.
நான்காவது நான்: பாக்கியலெட்சும்.
கடைசி எழுத்து விழுந்துவிட்டிருந்தது.

இப்போது நிரல்கள் வேறு, பெட்டிகள் வேறு.
என் எண் எதிலாவது மிச்சமிருக்கிறதா, தெரியாது.
நேற்று சூலியா ஸ்ட்ரீட் கோப்பிக்கடையில்
பக்கத்து மேசைப் பெண்
ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள்:
பசியாறிட்டீங்களா?
அந்த முனையில் ஓர் ஆண், களைத்த குரல்:
இன்னும்

கிளாஸைப் பிடித்தபடி இருந்தேன்

இல்ல.